பழைய லயத்தில் புதிய மின்சாரம்



மாலை ஆறரை மணிக்கு நம் தோட்டத்து வீடு ஒன்றில் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கின்றன என்று சற்று எண்ணிப் பாருங்கள். அஞ்சடியில் விளக்கு எரிகிறது. உள்ளே காற்றாடி சுழல்கிறது. தொலைக்காட்சி பேசிக்கொண்டிருக்கிறது. அடுப்படியில் ஐஸ்பெட்டி, அதன் பக்கத்தில் சோறு வேகும் மின்சட்டி. தேநீருக்காக மின்கெண்டியில் தண்ணீர் கொதிக்கிறது. பின்புறத்தில் துணி துவைக்கும் இயந்திரம் ஆடிக்கொண்டிருக்கிறது. மூத்த பெண் நாளைக்கு வேண்டிய பள்ளிச் சீருடையை இஸ்திரி போடுகிறாள். இவற்றுக்கு நடுவில் இரண்டு மூன்று கைத்தொலைபேசிகளுக்கும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.

இவற்றில் வேண்டாதது எது? ஒன்றுமில்லை. விடியற்காலையில் வேலைக்குப் போய், வெயிலில் உழைத்துவிட்டு வருகிற தாய்க்கு மின்சட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் ஆடம்பரமா? அல்லவே அல்ல. ஆகவே, சாமான்களைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நான் கேட்க வந்தது வேறொரு கேள்வி. இத்தனை சாமான்களுக்கும் மின்சாரத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் கம்பி, உங்கள் வீட்டுக் கூரைக்கு அடியில் ஓடுகிறதே, அது எந்தக் காலத்தில் இழுத்த கம்பி?

நம் நாட்டிற்கு மின்சாரம் வந்த கதையில் தமிழர் ஒருவருக்கும் பங்கு உண்டு. 1894-ஆம் ஆண்டில் சிலாங்கூர் ரவாங்கில் ஈயச் சுரங்கத்திற்காக மின் இயந்திரத்தை நிறுவியவர்கள் லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் ஆவர். பின்னர் 1949-ஆம் ஆண்டில் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. அதுவே 1965-ல் லெம்பாகா லெட்ரிக் நெகாரா, அதாவது தேசிய மின்சார வாரியம், என்று பெயர் மாறியது. 1990-ல் தெனாகா நேஷனல் ஆயிற்று. பட்டணங்களில் இப்படி மின்சாரம் வளர்ந்துகொண்டிருந்தபோது, தோட்டங்களில் நம் பெரியவர்கள் மண்ணெண்ணெய் விளக்கில்தான் காலம் கழித்தார்கள். பிறகு பல தோட்டங்களில் இயந்திரம் வைத்து, மாலையில் சில மணி நேரம் மட்டும் விளக்குப் போட்டார்கள். பொது மின்சாரம் லயங்களுக்கு வந்து சேர்ந்தது அதற்கும் பிறகுதான்.

அப்படி வந்தபோது, ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று விளக்குகள், ஒரு வானொலி, மிஞ்சினால் ஓர் இஸ்திரிப் பெட்டி என்று கணக்குப் போட்டுக் கம்பி இழுத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது சரியான கணக்கே. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, மஸ்ஜித் தானா வட்டாரங்களில் பழைய வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட தோட்டத்து வீடுகள் ஒரு பக்கம். தோட்டம் துண்டாடப்பட்டபின் நம்மவர்கள் குடியேறிய பட்டணத்துப் பழைய மலிவு விலை வீடுகள் ஒரு பக்கம். வீட்டுக்குள் சாமான்கள் புதியவை. கூரைக்கு அடியில் உள்ள கம்பி பழையது. இன்றைய பேச்சின் சாரம் இந்த இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது.

காண்டாக் கம்பு நம் மூத்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பொருள். இரண்டு முனையிலும் பால் வாளியை மாட்டித் தோளில் சுமப்பார்கள். இரண்டு வாளிக்கு என்று சீவிய கம்பில் ஆறு வாளியை மாட்டினால் என்ன ஆகும்? கம்பு வளையும், பிறகு முறியும். மின்கம்பியின் கதையும் இதுவே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கம்பு வளைவது கண்ணுக்குத் தெரியும். மின்கம்பி வளைவதில்லை, உள்ளுக்குள் சூடாகிறது. மேல் உறை இளகிக் கருகும் வரையில் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு மின்சாமானின் அடியிலோ பின்புறத்திலோ அது எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். அதை 230 வோல்ட்டால் வகுத்தால், அது எத்தனை ஆம்பியர் மின்சாரம் இழுக்கிறது என்பது தெரியும். 2,000 வாட் மின்கெண்டி ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி 4 ஆம்பியருக்குச் சற்று அதிகம். 600 வாட் சோற்றுச் சட்டி இரண்டரை ஆம்பியர். மூன்றையும் கூட்டினால் 3,600 வாட். ஏறத்தாழ 16 ஆம்பியர். நாம் கடையில் வாங்குகிற, நான்கைந்து துளைகள் உள்ள எக்ஸ்டென்ஷன் எத்தனை தாங்கும்? 13 ஆம்பியர், அதாவது சுமார் 3,000 வாட். துளை ஐந்து இருக்கிறது என்பதற்காக ஐந்து சாமான்களின் பளுவையும் அது சுமக்கும் என்று பொருளல்ல. இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய கம்பி அந்த 13 ஆம்பியரையே தாங்காமல் போகலாம்.

ஆகையால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். சூடாக்கும் சாமான் எதுவானாலும் சரி, மின்கெண்டி, இஸ்திரிப் பெட்டி, சோற்றுச் சட்டி, ஒரு நேரத்தில் ஒரு சாக்கெட்டில் ஒன்றுதான். கெண்டியில் தண்ணீர் கொதித்து முடியட்டும். பிறகு இஸ்திரி போடலாம். இதற்குக் காசு செலவு ஒன்றுமில்லை. ஐந்து நிமிடப் பொறுமைதான் செலவு. ஐஸ்பெட்டியையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் எக்ஸ்டென்ஷனில் மாட்டாமல், சுவரில் உள்ள சாக்கெட்டிலேயே மாட்டுங்கள்.

இனி, நம் சீதோஷ்ணத்தைப் பற்றிச் சில வார்த்தை. மின்கம்பியின் மேல் உறை பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. 70 பாகை செல்சியஸ் வரை அது தாங்கும் என்றும், சுற்றியுள்ள காற்று 30 பாகையில் இருக்கும் என்றும் வைத்துக்கொண்டுதான் கம்பியின் கொள்ளளவைக் கணக்கிடுகிறார்கள். நம் தகரக் கூரைக்கு அடியில் நண்பகலில் 30 பாகையா இருக்கிறது? கையை உயர்த்தினாலே அனல் அடிக்கிறதே! அந்தச் சூட்டில் கம்பி சுமக்கக்கூடிய பளு குறைந்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் சூடு பட்ட உறை இறுகி, வெடித்து, தொட்டால் உதிர்கிறது. மிகப் பழைய வீடுகளில் இருக்கும் ரப்பர் உறைக் கம்பி இன்னும் சீக்கிரம் உதிர்ந்துவிடும். அந்த வெடிப்பில் ஒழுகும் கூரையிலிருந்து மழைநீர் இறங்குகிறது. எலி கடிக்கிறது. சுவிட்சுக்குள் எறும்பு கூடு கட்டுகிறது, பல்லி நுழைகிறது. கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்று வேறு. செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறி, இணைப்புத் தளர்ந்துவிடும். தளர்ந்த இணைப்பு சூடாகும். சூடான இணைப்பு தீப்பொறி கக்கும். பக்கத்திலேயே காய்ந்த பலகைச் சுவர்.

கம்பி நோய்ப்பட்டிருப்பதைக் காட்டும் அறிகுறிகள் உண்டு. பிளக்கைப் பிடுங்கும்போது அது கை பொறுக்காத சூடாக இருக்கிறதா? சாக்கெட்டைச் சுற்றிப் பழுப்புக் கறை படிந்திருக்கிறதா? சுவிட்சைப் போட்டால் 'சர்' என்று சத்தம் வருகிறதா? ஐஸ்பெட்டி ஓடத் தொடங்கும்போது விளக்கு மங்குகிறதா? பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வருகிறதா? பியூஸ் அடிக்கடி போகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த இடத்தைப் பயன்படுத்துவதை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

பியூஸ் என்றேன். தோட்டத்து வாசலில் ஜாகா நிற்பதைப்போல, வீட்டுக்குள் வரும் மின்சாரத்துக்கு பியூஸ்தான் காவல். அளவுக்கு மேல் பளு ஏறினால் தான் உருகி, மின்சாரத்தைத் துண்டித்து, கம்பியைக் காப்பாற்றுகிறது. பழைய பீங்கான் பியூஸில் விளக்குக்கு 5 ஆம்பியர், சாக்கெட்டுக்கு 15 ஆம்பியர் என்று அளவு எழுதியிருக்கும். பியூஸ் போனவுடன் நம்மில் சிலர் என்ன செய்கிறோம்? கையில் அகப்பட்ட செம்புக் கம்பியை மூன்று நான்கு புரி முறுக்கிக் கட்டிவிடுகிறோம். 'இனி மேல் போகவே போகாது' என்று பெருமையும் படுகிறோம். உண்மைதான், பியூஸ் போகாது. வீடு போகும்! ஜாகாவைக் கட்டிப்போட்டுவிட்டு வாசலைத் திறந்துவைத்த கதை அது. பியூஸ் அடிக்கடி போகிறதென்றால் காரணம் பியூஸில் இல்லை. பளுவிலோ கம்பியிலோ இருக்கிறது. அதைத் தேட வேண்டும்.

நேயர்களே, இதுவரை சொன்னது தீ விபத்தைப் பற்றி. இனி, உயிரைப் பறிக்கும் மின்தாக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு முறை மூன்றாம் ஆண்டு வகுப்பில், எந்தெந்தப் பொருளில் மின்சாரம் பாயும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், மழை பெய்தால் எங்கள் வீட்டு ஐஸ்பெட்டி கடிக்கும்" என்றாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளி விட்டதும் அவளோடு வீட்டுக்குப் போனேன். அவள் தாயார் என்னை உட்காரவைத்து, "அது ரொம்ப நாளா அப்படித்தான் டீச்சர். சிலிப்பர் போட்டுக்கிட்டுத் திறந்தா ஒன்னும் செய்யாது. பிள்ளைங்களுக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்றார். அடுப்படிச் சிமெந்துத் தரை ஈரமாக இருந்தது. அந்தத் தரையில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று வெறுங்காலோடு தவழ்ந்தும் நடந்தும் விளையாடிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தைக்கு யார் சிலிப்பர் மாட்டிவிடுவது? மறுநாள் தோட்டத்து மின் வேலைக்காரர் வந்து சாக்கெட்டைத் திறந்து பார்த்தார். மூன்றாவது கம்பியான பச்சைக் கம்பி எதிலும் மாட்டப்படாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பச்சைக் கம்பியைத்தான் எர்த் என்கிறோம். அதன் மறுமுனை வீட்டுக்கு வெளியே மண்ணில் அடித்த செம்புக் கோலோடு இணைந்திருக்கும். ஐஸ்பெட்டியின் உள்ளே ஏதேனும் கம்பியின் உறை கிழிந்து, தகர உடம்பில் மின்சாரம் ஏறினால், அதை மண்ணுக்கு இறக்கிவிடுவது இந்தக் கம்பி. இது இல்லையென்றால், மண்ணுக்குப் போகும் வழி யார்? வெறுங்காலோடு தொடுகிற மனிதர்தான் வழி.

மனிதரைக் கொல்ல எவ்வளவு மின்சாரம் வேண்டும்? பலர் நினைப்பதைவிட மிகக் குறைவு. ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லியாம்பியர். ஏறத்தாழ 10 மில்லியாம்பியர் உடம்பில் பாய்ந்தாலே கைத்தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டினால் மூச்சுத் திணறும். 50, 100 என்று போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். பழைய 40 வாட் குண்டு விளக்கில் ஓடுகிற மின்சாரமே சுமார் 170 மில்லியாம்பியர்! அப்படியானால் பியூஸ் நம்மைக் காப்பாற்றாதா? காப்பாற்றாது. பிளக்கில் இருக்கும் 13 ஆம்பியர் பியூஸ் என்பது 13,000 மில்லியாம்பியர். 30 மில்லியாம்பியருக்கும் அதற்கும் நானூறு மடங்குக்கு மேல் வேறுபாடு. மனிதர் இறந்து விழுந்தாலும் அந்த பியூஸுக்கு ஒன்றும் தெரியாது. பியூஸ் கம்பியைக் காக்கிறது. மனிதரைக் காப்பது வேறொரு கருவி.

அந்தக் கருவிக்கு மின்கசிவுத் துண்டிப்பான் என்று பெயர். கடைக்காரர்களும் மின் வேலைக்காரர்களும் ஆர்.சி.டி., ஆர்.சி.சி.பி. என்று சொல்வார்கள். வீட்டுக்குள் போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஒவ்வொரு கணமும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. போனதைவிட வந்தது குறைந்தால், நடுவில் எங்கோ கசிகிறது என்று பொருள். உடனே கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடுகிறது. நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் இதற்கு அளவு வகுத்திருக்கின்றன. கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாமான்கள் மாட்டும் சாக்கெட்டுகளுக்கு 30 மில்லியாம்பியர் அளவுள்ள கருவி வேண்டும். தரை ஈரமாகக்கூடிய இடத்துக்கு 10 மில்லியாம்பியர். குளியலறையில் வெந்நீர்க் கருவி வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் 100 மில்லியாம்பியர் கருவி ஒன்று மட்டும் இருக்கும். அது தீயைத் தடுக்க உதவும். ஆளைக் காக்கப் போதாது.

உங்கள் வீட்டு மெயின் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒரு சின்னப் பொத்தானும் அதன் மேல் 'டி' என்ற ஆங்கில எழுத்தும் உள்ள கருவி இருக்கிறதா? அதுதான். மாதம் ஒரு முறை அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் 'டக்' என்று விழுந்து, அது காக்கிற இடங்களில் மின்சாரம் நின்றுவிட வேண்டும். பிறகு கைப்பிடியை மேலே தூக்கிவிட்டால் போதும். அழுத்தியும் விழவில்லையென்றால் அந்தக் காவலாளி தூங்குகிறான். கருவியை மாற்ற வேண்டும். ஒன்றை மறவாதீர்கள். இந்தப் பொத்தான் கருவியை மட்டும்தான் சோதிக்கிறது. எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது. அதை மின் வேலைக்காரர் அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சில வீடுகளில் மழை பெய்தாலே இந்தக் கருவி விழுந்துகொண்டிருக்கும். 'தொல்லை பிடித்த சாமான்' என்று அதைக் கழற்றி, கம்பியை நேராக இணைத்துவிடுகிறார்கள். கருவி விழுவது தொல்லையல்ல. அது தரும் செய்தி. எங்கோ ஈரத்தில் மின்சாரம் கசிகிறது என்று அது சொல்கிறது. அப்போது எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டுக் கருவியைத் தூக்கிவிடுங்கள். நின்றால், ஒவ்வொரு சாமானாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ, அந்தச் சாமானில்தான் கோளாறு. ஒன்றையும் மாட்டாமலே விழுந்தால், சுவரிலும் கூரையிலும் ஓடும் கம்பியில் கோளாறு.

பிளக்கிலும் நாம் ஒரு தவறு செய்கிறோம். இரண்டு முனைப் பிளக்கை மூன்று துளைச் சாக்கெட்டில் ஏற்றுவதற்காக, மேல் துளையில் பேனாவையோ குச்சியையோ விட்டு அழுத்துகிறோம். மேல் துளை எர்த்துக்கு உரியது. கீழே உள்ள துளைகளைக் காக்கும் கதவையும் அதுதான் திறந்து மூடுகிறது. பெரியவர்கள் செய்வதைப் பார்த்துக் குழந்தையும் நாளைக்கு ஓர் ஆணியை எடுத்துக்கொண்டு போகும். அதற்குரிய அடாப்டரோ சரியான பிளக்கோ சில வெள்ளிதான். வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, இவற்றையெல்லாம் யார் செய்து தருவது? "வீடு தோட்டத்து வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டிய வீடு. அதில் நாம் ஏன் காசு போட வேண்டும்?" என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. சட்டமும் ஓரளவுக்கு உங்கள் பக்கம் நிற்கிறது. தொழிலாளர் குடியிருப்புகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுத்த 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அது 446-வது சட்டம். 2019-ல் திருத்தம் பெற்று இன்றும் நடப்பில் இருக்கிறது. தோட்டத் தொழிலாளருக்கு வீடு கொடுக்கும் முதலாளி குழாய்த் தண்ணீரும் போதிய மின்சார வசதியும் செய்து தர வேண்டும்; கட்டடத்தை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைத்திருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. எர்த் இல்லாத சாக்கெட்டைச் சரி செய்யச் சொல்வது சலுகை கேட்பதாகாது, உரிமையைக் கேட்பதாகும்.

கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. அலுவலக வாசலில் கிராணியிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தால், அது காற்றோடு போகலாம். எழுதிக் கொடுங்கள். லயத்தின் எண், வீட்டின் எண், எந்த அறை, என்ன கோளாறு, எந்தத் தேதியிலிருந்து என்று நான்கு வரி போதும். 'அடுப்படிச் சாக்கெட்டில் கறுப்புக் கறை; ஐஸ்பெட்டியைத் தொட்டால் அதிர்ச்சி' என்று எழுதினால் நிர்வாகத்துக்கும் விளங்கும். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். எழுதத் தயக்கமாக இருந்தால் பள்ளிப் பிள்ளைகள் உதவுவார்கள், ஆசிரியர்களும் உதவுவோம். ஒரு வீட்டுக்காரர் எழுதுவதைவிட, ஒரே காலத்தில் கம்பி இழுத்த ஒரு லயமே சேர்ந்து எழுதுவது நல்லது. அதற்கும் அசைவு இல்லையென்றால் சங்கத்தின் மூலம் கேட்கலாம். தொழிலாளர் இலாகாவிடம் முறையிடலாம்.

பட்டணத்தில் சொந்த வீடு வாங்கியவர்களுக்கு முதலாளி இல்லை, செலவு நம்முடையதே. கையில் பணம் குறைவாக இருந்தால் வரிசை வைத்துக்கொண்டு செய்யலாம். முதலில் எர்த்தைச் சோதித்துச் சரி செய்து, 30 மில்லியாம்பியர் துண்டிப்பானைப் போடுங்கள். குளியலறையில் வெந்நீர்க் கருவி இருந்தால் அதற்கென்று 10 மில்லியாம்பியர் கருவியும் வேண்டும். இரண்டாவதாக, அடுப்படிக்கென்று தனிக் கம்பி இழுத்து, போதிய சாக்கெட்டுகள் வையுங்கள். விளக்குக்கு ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர், சாக்கெட்டுக்கு இரண்டரை என்பது வீடுகளில் வழக்கமாகப் போடும் கம்பி அளவு; விளக்குக் கம்பியிலிருந்து சாக்கெட்டுக்கு இழுக்கக் கூடாது. மூன்றாவதாக, பணம் சேர்ந்தபின் வீடு முழுவதும் பழைய கம்பியை மாற்றுங்கள்.

வேலையை யாரிடம் கொடுப்பது என்பதும் முக்கியம். சுருஹான்ஜாயா தெனாகா எனப்படும் எரிசக்தி ஆணையத்தில் பதிந்த மின் குத்தகையாளரிடம்தான் கொடுக்க வேண்டும். "தெரிந்த பையன், மலிவாகச் செய்வான்" என்பதற்காகக் கொடுத்துவிடாதீர்கள். கம்பி மாற்றிய வேலை முடிந்ததும் 'போராங் ஜி', 'போராங் எச்' என்ற இரண்டு சான்றிதழ்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதலாவது, வேலையை மேற்பார்த்து முடித்ததற்குச் சான்று. இரண்டாவது, சோதித்துப் பார்த்ததற்குச் சான்று. சொந்தக் கையால் கம்பியில் கை வைக்காதீர்கள். வண்ணத்தை வைத்தே ஏமாந்துபோகலாம். இஸ்திரிப் பெட்டியின் கயிற்றுக் கம்பியில் நீலம் என்பது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி. ஆனால் நம் நாட்டில் சுவருக்குள் ஓடும் கம்பிகளில் நீலம் உயிருள்ள கம்பியாகவும் இருக்கக்கூடும். அங்கே திரும்பும் கம்பி கறுப்பு. அண்டை வீட்டுக்குக் கம்பி இழுத்துக் கொடுப்பதும், காட்டுப்பன்றிக்காக வேலியில் மின்சாரம் விடுவதும் கூடவே கூடாது. பன்றிக்கு வைத்த கம்பியில் மனிதர்கள் மாண்டிருக்கிறார்கள்.

இடி மழையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உலகில் இடி மின்னல் மிகுந்த நாடுகளில் நம் மலேசியாவும் ஒன்று. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடி அதிகம். வானம் இருட்டும்போதே தொலைக்காட்சி, ஐஸ்பெட்டி, சார்ஜர் பிளக்குகளைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இடி தலைக்கு மேல் வந்தபின் பிடுங்கப் போகாதீர்கள். 2021 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது மலாக்காவிலும் பலர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால், தரை காய்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். நனைந்த மெயின் பெட்டியை நாமே தொடக் கூடாது. தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்கு அழைத்துச் சொல்ல வேண்டும். வெள்ளம் வடிந்தபின், மின் வேலைக்காரர் பார்த்துச் சொல்லும் வரையில் எதையும் போடாதீர்கள்.

எவரேனும் மின்சாரத்தில் சிக்கிக்கொண்டால், பாசத்தில் ஓடிப்போய் அவரைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு வீட்டில் இருவரை இழப்பது இப்படித்தான். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அது முடியாவிட்டால், காய்ந்த பலகை மேல் நின்று, காய்ந்த மரக்கட்டையாலோ விளக்குமாற்றுக் கட்டையாலோ கம்பியைத் தள்ளிவிடுங்கள். பிறகு 999-க்கு அழையுங்கள். மூச்சு இல்லையென்றால், நடு மார்பில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, உதவி வரும் வரை விடாமல் அழுத்துங்கள். மின்சாரத்தால் பற்றிய தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுவேலை கொடுத்து இந்தப் பேச்சை முடிக்கிறேன். வீட்டு நாட்காட்டியில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமையை வட்டமிடுங்கள். அன்று அப்பாவையோ அம்மாவையோ அழைத்து, மெயின் பெட்டியில் உள்ள அந்தப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். 'டக்' என்ற சத்தம் கேட்டால் நாட்காட்டியில் சரி போடுங்கள். கேட்கவில்லையென்றாலோ, அப்படிப் பொத்தானே இல்லையென்றாலோ, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தேதி போட்டு, நான் சொன்ன அந்த நான்கு வரிக் கடிதத்தை அன்றைக்கே எழுதுங்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் கொடுக்கட்டும்.